ஹைக்கூவும் மூன்று போட்டோக் கொப்பிகளும்

பாலேந்திரன் அண்ணைக்கு இரண்டாவது நெகட்டிவ் வந்தது 1986 ஜூன் மாதம். அகதி விண்ணப்பத்தை மறுக்கும் மூன்று பக்கக் கடிதம். மேன்முறையீடு தள்ளுபடி, ஜூலை முப்பத்தொன்றுக்குள் சுவிஸை விட்டு வெளியேற வேண்டும். எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஒழுங்காக வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடி வாசித்துச் சொன்னேன்.

"கடைசிப் பக்கத்திலை ஏதும் நல்லதாச் சொல்லியிருக்கோ தம்பி?"

"கடைசிப் பக்கத்திலை கையெழுத்து மட்டும்தான் அண்ணை."

கடிதத்தை வாங்கி மடித்து நெகிழிப் பைக்குள் வைத்தார். அந்தப் பையில் அவருடைய மூன்று வருடம் இருந்தது. விண்ணப்பம், விசாரணைக் குறிப்பு, முதல் நெகட்டிவ், அகதி அட்டையின் முன்பக்கம் பின்பக்கம், எல்லாவற்றிலும் மூன்று மூன்று போட்டோக் கொப்பி. ரயில் நிலையத்து மெஷினில் அவர் கொப்பி அடிக்கும்போது பின்னால் வரிசை நிற்கும். கொப்பி இணைக்காத கடிதம் எதுவும் இந்த நாட்டில் போய்ச் சேராது என்று அவருக்கு முதல் மாதமே யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை. ஒருமுறை கொப்பி வைக்காமல் அனுப்பிய கடிதம் ஆறு வாரத்தில் அப்படியே திரும்பி வந்தது.

பாசலில், ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், இரண்டு அறை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அவர், நான், தவராஜா. என் கேஸ் ஏற்கப்பட்டுவிட்டது. என்னிடம் நீலப் பயணப் புத்தகம் இருந்தது. அது கிடைத்ததற்கு என்னிடம் தனித் தகுதி எதுவும் இல்லை. பாலேந்திரனுக்கு நடந்தது எனக்கு நடந்ததைவிட மோசம். நான் அதைச் சொன்ன விதம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். சொல்லும் வித்தை மட்டும் கையில் மிஞ்சியிருந்தது.

அவருடைய மனைவி ஜெயமலரும் மகளும் பாரிஸில் இருந்தார்கள். ஆள் அனுப்பும் வேறு ஏஜென்சி, வேறு பாதை. அவர் புறப்படும்போது பிள்ளைக்கு ஏழு மாதம். இப்போது நான்கு வயதாகிறது. பாசலில் இருந்து பாரிஸ் ஐந்து மணித்தியால ரயில். ஆனால் பாசல் ஸ்டேசனிலேயே பிரெஞ்சுப் பொலிஸ் நிற்கும். கறுப்பு முகம் கண்டால் இரண்டு தரம் பார்க்கும். தவராஜாவை இரண்டு முறை இறக்கி அனுப்பியிருக்கிறார்கள். பாலேந்திரன் ஒரு முறையும் முயலவில்லை. பிடிபட்டால் கேஸ் கெட்டுவிடும் என்று பயந்தார். இப்போது கெடுவதற்குக் கேஸ் இல்லை, பயம் மட்டும் இருந்தது.

பேஸ்போலுக்கு வருகிறேன்.

பியர்ஸ் ஆற்றோரம் ஒரு புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் கழகம் அங்கே விளையாடும். மருந்துக் கம்பனிகளில் வேலை செய்யும் அமெரிக்கர்கள், ஜப்பானியர்கள், சில சுவிஸ் பெடியன்கள். ஏப்ரலில் ஒருநாள் ட்ராமில் போகும்போது மட்டையைக் கண்டு கிரிக்கெட் என்று நினைத்து இறங்கினோம். தவராஜா கால் மணித்தியாலம் பார்த்தான்.

"மச்சான், கிட்டிப்புள்ளுக்கு யூனிபோர்ம் போட்டிருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ட்ராமில் போய்விட்டான்.

நான் தொடர்ந்து போனேன். பகலில் தூங்க முடியாதவனுக்கு மெதுவான விளையாட்டு நல்லது. பாலேந்திரன் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தார். கடிதம் வந்ததோடு ஹோட்டல் சமையலறை வேலையும் நிறுத்தப்பட்டது. அதன்பிறகு பயிற்சி நாளுக்கும் போனார். பந்து வேலியைத் தாண்டி ஆற்றில் விழும். இவர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு இறங்கி எடுத்து வருவார். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் எல்லோரும் பந்து போனவுடன் இவரைத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்கள். கழகத் தொப்பி ஒன்று கொடுத்தார்கள். அதை வீட்டிலும் கழற்றாமல் இருந்தார்.

"பந்து பொறுக்கிற தொட்டாட்டு வேலைக்கும் தொப்பி குடுக்கிறாங்களோ அண்ணை?" என்று தவராஜா கேட்பான். "நாளைக்குக் கழுத்திலை பட்டி ஒண்டும் குடுப்பாங்கள். வாங்கிக்கொண்டு வாங்கோ."

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. காலை நான் வந்து படுக்கும் நேரம் பார்த்து அவர் மணி அடித்துச் சாமி கும்பிடுவதும் பிடிக்காது. ஒருவன் மேல் வெறுப்பு வருவதற்கு இரண்டு அறை போதும்.

ஜூலை முதல் கிழமை மொரிட்டா ஒரு தாள் ஒட்டினார். கம்பனி இரண்டு வருடத்துக்கு அனுப்பிய ஜப்பானிய வேதியியலாளர், கழக ஆட்டத்தில் இரண்டாம் பேஸைக் காப்பவர். ரசிகர்களுக்கு ஹைக்கூப் போட்டி. பேஸ்போல் பற்றி மூன்று வரி, டொச் மொழியில், ஐந்து ஏழு ஐந்து அசை. எழுதியவர் தானே வாசிக்க வேண்டும். கைதட்டல் அதிகம் கிடைப்பவர் வென்றவர். பரிசு, ஓகஸ்ட் முப்பதாம் திகதி பாரிஸில் நடக்கும் போட்டிக்குப் போகும் கழக பஸ்ஸில் ஓர் இருக்கை. அங்கே முதல் ஆட்டத்துக்கு முன் வென்ற கவிதையை வாசிக்க வேண்டும். பரிசை வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியாது.

பாலேந்திரனுக்கு நான் வாசித்துச் சொன்னேன். பாரிஸ் என்ற சொல்லில் அவர் என் கையைப் பிடித்தார்.

"விளையாட்டுக் கோஷ்டி பஸ்ஸை மறிப்பாங்களோ தம்பி?"

"போன வருசம் மூண்டு தரம் பிரான்சுக்குப் போனவங்கள். கை காட்டி விட்டிடுவாங்களாம்."

"அப்ப நான் எழுதவேணும்."

"உங்களுக்கு டொச் தெரியாது."

"நீர் இருக்கிறீர்தானே."

நாலு நாள் கழித்து, மத்தியானம் என்னைத் தட்டி எழுப்பினார். பென்சிலோடு தாள் வைத்திருந்தார். எட்டு வரி எழுதியிருந்தார். 'மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கி 'இங்ஙனம் தங்கள் உண்மையுள்ள' என்று முடித்திருந்தார். தவராஜா அதை வாங்கி உரத்து வாசித்துக்கொண்டே கட்டிலில் உருண்டான்.

"அண்ணை, இதுக்கும் மூண்டாவது நெகட்டிவ் வரும்."

"பகிடியை விடு ராசா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் சொல்ல நினைச்சது வேறை. தூரத்திலை, மூலையிலை ஒருத்தன் நிக்கிறானெல்லே. அவனிட்டைப் பந்து வாறேல்லை. முழு ஆட்டத்துக்கும் வாறேல்லை. எண்டாலும் நடுவிலை நிக்கிறவன் எறியிற ஒவ்வொரு தரமும் அவன் குனிஞ்சு கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறான். அதை எப்பிடிச் சொல்லுறது?"

அது கவிதை என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் மூன்று இரவு பாண் தட்டு கழுவும்போதெல்லாம் தேடியும் கிடைக்காத ஒன்று.

"அது சரிவராது அண்ணை" என்றேன். "இவங்களுக்கு அது விளங்காது. நான் வேறை ஒண்டு எழுதித் தாறன்."

எழுதிக் கொடுத்தேன். டொச்சில் அசை பிசகாமல் இருந்தது. தமிழில் அது இப்படி:

வேலிக்கு வெளியே நாய்.
ஒவ்வொரு பந்தையும் கொண்டுவரும்.
யார் வென்றதென்று கேளாது.

"இதிலை என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"இந்த விளையாட்டிலை அன்பு வைச்சு, எதிர்பார்ப்பில்லாமல் வாற ஒருத்தனைப் பற்றி."

"நல்லது. நல்லாயிருக்கு."

தவராஜாவுக்கு அன்று பின்னேரம் உண்மையைச் சொன்னேன். வேலைக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தோம். அவர் தோற்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அவர் வெல்லக்கூடும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. தொப்பியோடு மேடையில் நின்று தன்னையே நாய் என்று வாசிப்பதைப் பார்க்க விரும்பினேன். மூலையில் நிற்பவனை என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். பாரிஸ் எனக்குத் தேவையில்லை. வெல்வது தேவையாக இருந்தது.

கவிதைகளைச் சேர்த்தவர் கழகச் செயலாளர், கீசின் அம்மையார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பாலேந்திரன் கொடுத்த கடித உறை தடிப்பாக இருந்தது. உள்ளே ஹைக்கூ, அதற்குப் பின்னால் அகதி அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், ஜூன் மாதக் கடிதத்தின் முதல் பக்கம். மூன்று கொப்பி, ஊசியால் குத்தி. வீட்டில் பாலேந்திரன் அதை அடுக்குவதை நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து தேநீர் குடித்தபடி பார்த்தேன்.

"கடைசிக் கடிதம் இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார்.

"ஓம் அண்ணை, வையுங்கோ" என்றேன். கவிதைக்குக் கொப்பி வைத்த கதை பேக்கரியில் ஒரு கிழமைக்குத் தாங்கும்.

ஜூலை முப்பத்தொன்று வந்து போனது. ஓகஸ்ட் இரண்டாம் திகதி இரண்டு பேர் சாதாரண உடுப்பில் வந்து அவரைக் கேட்டார்கள். அவர் அதற்கு முந்திய நாளே கிளம்பி ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலக்கீழ் அறையில் படுத்திருந்தார். எங்கே என்று தெரியாது என்றோம். அப்போது நானும் சரியாகத்தான் நடந்தேன்.

பத்தாம் திகதி போட்டி. பார்பிக்யூ அடுப்பு, பியர், நாற்பது ஐம்பது பேர். பதினொரு பேர் வாசித்தார்கள். நான் ஆறாவது. மூலையில் நிற்பவனை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கைதட்டினார்கள். ட்ராம் கட்டணச் சீட்டுக் கேட்டவனுக்குக் காட்டுவதுபோல் ஒரு மரியாதை, முடிந்தது. பாலேந்திரன் எனக்காகப் பலமாகத் தட்டினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அவர் கடைசி. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு அசையையும் தனித்தனியே, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுமாப்போல் சொன்னார். முதல் வரிக்குச் சிலர் சிரித்தார்கள். இரண்டாவது வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரி முடிந்ததும் சத்தமே இல்லை. நான் தவராஜாவைப் பார்த்தேன். அவன் பியர் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மொரிட்டா எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். தன்னைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார் என்று நினைத்தார்கள். தங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார், தாங்கள் அவரைப் பந்து எடுக்க விட்டு ஒருநாள் கூட நன்றி சொல்லவில்லை என்று நினைத்தார்கள். கீசின் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயிற்சியாளர் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். நான் எழுதிய எதற்கும் அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் எழுந்து நின்றதில்லை. அதற்கு நின்றார்கள், எனக்கு இல்லை.

"தம்பி" என்று என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "நீர் எனக்குச் செய்த உதவியை நான் சாகும்வரை மறக்கமாட்டன்."

"அடுத்த பிறவியிலை வாலை ஆட்டுங்கோ" என்று தவராஜா சொன்னான். அவர் அதற்கும் சிரித்தார்.

பத்து நாள் கழித்து, காலை பத்து மணிக்குக் கீசின் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார்.

"திரு பாலேந்திரனுடைய உறையில் ஒரு கடிதத்தின் பிரதி இருந்தது. வாசித்தேன். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இப்படி ஒரு மனிதரை அனுப்ப மாட்டார்கள்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வெளிநாட்டவர் பொலிஸுக்கு நானே எடுத்துச் சொல்லலாமா? அவர் எங்கள் கழக ஆள், ஞாயிற்றுக்கிழமை இரவு எங்களோடு திரும்பி வந்துவிடுவார், ஒரு பயணத் தாள் கொடுங்கள் என்று கேட்கிறேன். சரியாக விளக்கிச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அவர் தாள் இல்லாமல் எல்லையில் அவமானப்படக் கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

ஒரு சொல் போதும். வேண்டாம் என்று சொன்னால் அந்த மனுசி வைத்துவிடுவாள். எனக்கு இரவு வேலை, தூக்கத்தில் என்ன சொன்னேன் என்று தெரியாது என்று பிறகு தவராஜாவிடம் சொன்னேன். நான் நன்றாக விழித்திருந்தேன்.

"கேளுங்கள்" என்றேன்.

"அவருடைய இப்போதைய முகவரியைக் கேட்பார்கள்."

"முகவரி எனக்குத் தெரியாது. முப்பதாம் திகதி காலை பஸ் நிற்கும் இடத்துக்கு வருவார் என்று சொல்லுங்கள்."

"நன்றி. அவருக்கு நீங்கள் சொல்லிவிடுவீர்களா, அல்லது ஆச்சரியமாக இருக்கட்டுமா?"

"ஆச்சரியமாக இருக்கட்டும்."

அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் அந்தப் பத்து நாளும் நிலக்கீழ் அறையில் இருந்து கவிதையைப் பாடமாக்கினார். ஜெயமலருக்குக் கடிதம் போட்டார். வன்சேன் காட்டுப் பக்கம் மைதானம், சனிக்கிழமை மத்தியானம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. பிள்ளைக்கு ஒரு சிவப்புச் சப்பாத்து வாங்கிவரும்படி என்னிடம் கேட்டார். எந்த அளவு என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு வயதுப் பிள்ளையின் கால் எவ்வளவு இருக்கும் என்று, முன்பு ட்ராமில் கண்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் காலை நினைத்துக் கையால் அளந்து காட்டினார்.

முப்பதாம் திகதி காலை வேலை முடிந்ததும் நேரே பஸ் நிற்குமிடத்துக்குப் போனேன். ஆறரை மணிக்குப் புறப்பாடு. வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. பாலேந்திரன் எல்லோருக்கும் முந்தி ஏறி, சாரதிக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில், யன்னலோரம் இருந்தார். மடியில் பையும் நான் வாங்கிக் கொடுத்த சப்பாத்துப் பெட்டியும். தலையில் தொப்பி.

கீசின் அம்மையார் இரண்டு ஆண்களோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. அவர்கள் பயணத் தாளோடு வந்திருப்பதாகவே அவர் கடைசி நிமிடம் வரை நம்பினார். யன்னலூடாகப் பாலேந்திரன் அவர்களைக் கண்டார். உடுப்பும் சப்பாத்தும் நின்ற விதமும் அவருக்குப் போதும். ஓடவில்லை. ஓடுவதற்கு மற்றக் கதவும் இருந்தது, ஆறும் பக்கத்தில்தான் இருந்தது.

ஒருவர் உள்ளே ஏறிப் பெயரைக் கேட்டார். குரல் உயர்த்தவில்லை. பாலேந்திரன் பைக்குள் கைவிட்டு அகதி அட்டையின் கொப்பியை எடுத்து நீட்டினார்.

"எங்களிடம் இருக்கிறது" என்றார் அந்த ஆள்.

இறங்கும்போது படியில் நின்று என்னைத் தேடினார்.

"தம்பி, இவையளுக்கு ஆர் சொன்னது?"

"தெரியேல்லை அண்ணை."

"கொஞ்சம் கதைச்சுப் பாருமன். உமக்குத்தானே டொச் தெரியும்."

நான் அந்த ஆளிடம் திரும்பி, நேரம் என்ன என்று டொச்சில் கேட்டேன். ஆறு இருபத்தைந்து என்றார். பாலேந்திரனிடம், "ஒண்டும் செய்யேலாதாம்" என்றேன்.

சப்பாத்துப் பெட்டியை என் கையில் தந்துவிட்டுக் காரில் ஏறினார். தலை இடிக்காமல் இருக்க ஒருவர் தொப்பி மேல் கை வைத்து அமுக்கினார்.

கீசின் அம்மையார் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதார். அவர்கள் தன்னிடம் பொய் சொல்லவில்லை, வருவோம் என்றுதான் சொன்னார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விளையாட்டுக்காரர்கள் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பஸ் ஆறரைக்குப் புறப்பட வேண்டும் என்று சாரதி சொன்னார். யாரும் அவர் மேல் கோபிக்கவில்லை. மொரிட்டா என்னிடம் வந்தார். கவிதையை அங்கே யாராவது வாசிக்க வேண்டும், நீங்கள் அவருடைய நண்பர், வாருங்கள் என்றார்.

ஏறினேன். இரண்டாவது வரிசை, யன்னலோரம். ஆசனம் இன்னும் சூடாக இருந்தது. எல்லையில் பஸ் வேகத்தைக் குறைத்தது. பிரெஞ்சுக்காரன் ஒருவன் கோப்பையில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே பார்க்காமலே கையைக் காட்டினான். நிற்கக்கூட இல்லை. என் நீலப் புத்தகத்தை ஒருவரும் கேட்கவில்லை. அதன்பிறகு பாரிஸ் வரை தூங்கினேன்.

மைதான வாசலில் ஜெயமலர் நின்றாள். எங்கள் பெண்களை அங்கே பிழைவிட முடியாது. சேலை, அதற்கு மேல் ஆண்களின் குளிர்ச் சட்டை, கையில் பிள்ளை. பஸ்ஸில் இருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் இறங்கிய பின்னும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நீங்கள் வரதராசாவோ? அவர் எழுதினவர். அவர் பின்னுக்கோ?"

"முதல் ஆட்டம் முடியட்டும் அக்கா. இருங்கோ. கதைப்பம்."

இருந்தாள். மைக்கில் என் பெயரைச் சொல்லாமல் அவர் பெயரைச் சொன்னார்கள். நான் நாய்க் கவிதையை வாசித்தேன். பாரிஸ்காரர்களுக்கு டொச் விளங்கவில்லை, மரியாதைக்குத் தட்டினார்கள். திரும்பி வந்து அவள் பக்கத்தில் இருந்தேன்.

"இது அவர் எழுதினதோ?"

"ஓம்."

"என்ன சொல்லுது?"

"எதிர்பார்ப்பில்லாமல் வாற ஒருத்தனைப் பற்றி."

தலையாட்டினாள். மூன்றாவது இன்னிங்ஸில் சொன்னேன். பொலிஸ், கார், ஆறு இருபத்தைந்து. யார் சொன்னது என்பதை மட்டும் விட்டேன். அவள் மைதானத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை சப்பாத்துப் பெட்டியைத் திறந்து போட்டுப் பார்த்தது. இரண்டு அளவு சின்னது. குதிக்கால் வெளியே நின்றது. கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"எங்கை வைச்சிருக்கிறாங்கள்?"

"தெரியாது."

"அனுப்பிப்போடுவாங்களோ?"

"அனுப்புவாங்கள்."

பையில் இருந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். புட்டும் றால் பொரியலும். விடிய எழும்பிச் செய்ததாம்.

"நீங்கள் இரவு முழுக்க வேலை செய்திட்டு வந்திருப்பியள். அவர் எழுதினவர், உங்களாலைதான் இந்த இடம் கிடைச்சதெண்டு." மகளின் தோளைத் தொட்டாள். "சுகந்தி, மாமாவுக்கு மேர்சி சொல்லு."

பிள்ளை பிரெஞ்சில் நன்றி சொன்னது.

நல்ல பசி. சாப்பிட்டேன்.